ஒரு கிலோ சூரைக்கு எத்தனை விலை?

புதுச்சேரியில் பொருளியல் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. கடலில் பிடிக்கும் சூரை (டூனா) மீனின் மதிப்பை ஐந்தாறு நாடுகளுக்கிடையே ஒப்பிட்டு ஆய்வேடு எழுத வேண்டும். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு வெளியிடும் நாடுவாரிப் பிடிப்பை எடுத்து, அந்தந்த நாட்டின் ஏற்றுமதி விலையால் பெருக்கினால் போதுமா என்கிறார். கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் சல்லிசாகப் போகும் மீன் ஜப்பானில் கோடிக்கணக்கில் ஏலம் போகிறதே, நம் மீனவர் ஏமாற்றப்படுகிறாரா?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது கணக்கு, இரண்டாவது நியாயம். கணக்கைப் பற்றி அவர் பத்து வரி எழுதியிருக்கிறார், நியாயத்தைப் பற்றி ஒரே வரி. ஆனால் அந்த ஒரு வரிதான் அவரை இந்த ஆய்வுக்கே இழுத்து வந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. கணக்கைச் சரியாகப் போடாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவன். மீன் ஏற்றுமதியில் தரம் பார்க்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு, இப்போது கடலூர் முதுநகரில் இருக்கிறேன். படகிலிருந்து கன்டெய்னர் வரைக்கும் உள்ள பாதை எனக்கு நேரடியாகத் தெரியும். வெளிநாட்டுச் சந்தையை, வாங்குபவர்கள் எழுதிய கடிதங்கள் வழியாகவும் திருப்பி அனுப்பிய சரக்கு வழியாகவும் அறிந்தவன். அந்த அளவில் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெருக்கினால் போதாது. போதாது என்பதைவிட, பெருக்கக் கூடாது என்றே சொல்வேன். பிடிப்புக் கணக்கில் இருக்கும் மீனும் ஏற்றுமதிக் கணக்கில் இருக்கும் மீனும் பல நாடுகளில் ஒரே மீன் அல்ல.

முதலில் சூரை என்றால் எது? உலகச் சந்தையில் சூரை என்று பேசும்போது பெரும்பாலும் ஏழு இனங்களைச் சொல்கிறார்கள். வயிற்றில் கோடு ஓடும் வரிச்சூரை, தெற்கே கேரை என்று சொல்லும் மஞ்சள் துடுப்புச் சூரை, பெருங்கண் சூரை, அல்பகோர், அப்புறம் நீலத்துடுப்பில் மூன்று: அட்லாண்டிக், பசிபிக், தென்கடல். உலகப் பிடிப்பில் பாதிக்கும் மேல் வரிச்சூரைதான், டப்பாவில் அடைபடுவதும் பெரும்பாலும் அதுவே. நம் கடலூர், புதுச்சேரி ஏலத்தில் கூடை கூடையாக வரும் சூரை இந்த ஏழில் சேராது. அது கரையோரச் சூரை. அதோடு எலிச்சூரையும் வரும். கேரையும் வரிச்சூரையும் வருவதுண்டு, ஆனால் அன்றாடச் சூரை வேறு. ஆக, இந்தியாவின் "சூரை" என்ற வரியையும் ஜப்பானின் "சூரை" என்ற வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு பொருள்களை ஒப்பிடுகிறீர்கள். இதைவிட மோசமான ஒரு பள்ளம் இருக்கிறது. ஐ.நா. உணவு அமைப்பின் புள்ளிவிவரத்தில் 36ஆம் எண் தொகுதி சூரைகளையும் மயில்மீன் வகைகளையும் மட்டும் கொண்டதல்ல, வஞ்சிரமும் அதற்குள்தான் இருக்கிறது. தொகுதியை மொத்தமாக இறக்கிக்கொண்டு சூரை என்று பெயர் வைத்தால், நம் ஊரில் சூரையைப் போல் சில மடங்கு விலை போகும் வஞ்சிரத்தையும் சேர்த்து எண்ணியிருப்பீர்கள். இனவாரியாகத்தான் இறக்க வேண்டும்.

அடுத்தது, மீன் யாருடையது? பிடிப்புக் கணக்கு கப்பலின் கொடியைப் பார்த்து எழுதப்படுகிறது. எந்தக் கடலில் பிடித்தார்கள், எந்தத் துறைமுகத்தில் இறக்கினார்கள், எங்கே சமைத்து அடைத்தார்கள் என்பதெல்லாம் வேறு வேறு கணக்கு. ஸ்பெயின் கொடி பறக்கும் கப்பல் இந்தியப் பெருங்கடலில், மீன்கூட்டத்தையே சுற்றி வளைக்கும் சுருக்குவலை போட்டு மீன் பிடித்து, செஷல்ஸின் விக்டோரியா துறைமுகத்தில் இறக்கும். மீன் அங்கேயே டப்பாவாகி ஐரோப்பாவுக்குப் போகும். பிடிப்பு ஸ்பெயினுக்கு, ஏற்றுமதி செஷல்ஸுக்கு. தாய்லாந்து இன்னும் தெளிவான உதாரணம். உலகிலேயே அதிகமாக டப்பாச் சூரை ஏற்றுமதி செய்யும் நாடு அது, ஆனால் அந்த மீனில் மிகப் பெரும்பகுதி மற்றவர் பிடித்து, உறைந்த நிலையில் பாங்காக்கில் இறங்கியது. தாய்லாந்தின் பிடிப்பை தாய்லாந்தின் ஏற்றுமதி விலையால் பெருக்கினால் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

இதற்கு நேர் எதிர்முனையில் பசிபிக் தீவு நாடான கிரிபாட்டி. மக்கள்தொகை நம் ஊர் ஒரு தாலுகா அளவுக்குக்கூட வராது, ஆனால் அவர்களுக்குச் சொந்தமான கடல் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கே பிடிக்கும் மீனில் பெரும்பகுதி அயல்நாட்டுக் கப்பல்களுக்குப் போகிறது. அவர்கள் விற்பது மீனையல்ல, மீன்பிடிக்கும் நாள்களை. நௌரு உடன்படிக்கையில் சேர்ந்த எட்டு பசிபிக் நாடுகள் 2007 முதல் இப்படி நாள் கணக்கில் அனுமதி விற்கின்றன. ஒரு கப்பல் ஒரு நாள் சுருக்குவலை போடக் குறைந்தபட்சக் கட்டணம் 8,000 டாலர் என்று வைத்தார்கள். இந்த முறை நிலைபெற்ற பிறகு அந்த நாடுகளின் கட்டண வருமானம் பல மடங்கு ஏறியது, கிரிபாட்டி அரசின் வருமானத்தில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. உங்கள் பெருக்கல் கணக்கில் கிரிபாட்டிக்கு என்ன எழுதுவீர்கள்? கொடிக் கணக்கில் கொஞ்சம், கடல் கணக்கில் ஏராளம், கைக்கு வந்த பணமோ இரண்டும் இல்லாத மூன்றாவது எண். எனக்குத் தெரிந்தவரை இதைப் பிரித்து நேர்த்தியாகத் தருவது சாலமன் தீவுகளின் ஹோனியாராவிலிருந்து இயங்கும் பசிபிக் தீவு நாடுகளின் மீன்வள முகமை. கொடிவாரியாகவும் கடல்வாரியாகவும் மதிப்பைத் தனித்தனியே போடுகிறார்கள். உங்கள் ஆய்வுக்கு அது நல்ல முன்மாதிரி.

மூன்றாவது, எந்த இடத்தில் நின்று அளக்கிறீர்கள்? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அமெரிக்காவின் பியூ அறக்கட்டளை 2018ஆம் ஆண்டுக்கு ஒரு மதிப்பீடு செய்தது. அந்த ஏழு இனங்களுக்கும் சேர்த்து, மீன் கரையேறும் இடத்தில் மதிப்பு 1,170 கோடி டாலர். அதே மீன் கடைசியாக நுகர்வோர் கையில் போகும்போது 4,080 கோடி டாலர். ஏறக்குறைய மூன்றரை மடங்கு. இரண்டும் உண்மை, இரண்டும் "உலகச் சூரையின் மதிப்பு"தான். ஒரு நாட்டுக்குக் கரை விலையையும் இன்னொரு நாட்டுக்குத் தட்டு விலையையும் எடுத்தால் மூன்றரை மடங்கு வித்தியாசம் ஒன்றுமில்லாததிலிருந்து வந்துவிடும். உங்கள் திட்டத்தில் இருக்கும் ஏற்றுமதி விலை இவை இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்பது, நாட்டுக்கு நாடு வேறு இடத்தில் நிற்பது. மாலத்தீவுக்காரர் புதிய கேரையை ஐஸில் வைத்து விமானத்தில் அனுப்பினால் அது ஒரு விலை. நம் நாட்டிலிருந்து முழுமீனாக உறைய வைத்து அனுப்பினால் அது வேறு விலை. டப்பாவில் தகரம், எண்ணெய், ஆள் கூலி எல்லாம் சேர்ந்திருக்கும்.

அந்த மூன்றரை மடங்கும் யாரோ ஒருவர் அடித்த லாபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கிலோ முழு வரிச்சூரையை வேகவைத்து, தலை, முள், தோல், கறுப்புச் சதை எல்லாம் எடுத்த பிறகு டப்பாவுக்குப் போகும் சதை நானூறு, நானூற்றைம்பது கிராம்தான். சதையின் விலை அங்கேயே இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது, யாரும் ஒரு காசு லாபம் பார்க்கவில்லை. நம் வீடுகளில் தெரிந்த மாசிக் கருவாட்டை எடுங்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ மீன் காய்ந்து ஒரு கிலோ மாசி. கிலோ விலையைப் பார்த்து மிரண்டால் பயனில்லை, எத்தனை கிலோ மீன் அதற்குள் சுண்டிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் முழுமீன் எடைக்கு மாற்றிய பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

அப்புறம் சுங்கவரி. ஐரோப்பிய ஒன்றியம் டப்பாச் சூரைக்கு 24 சதவீதம் வரி போடுகிறது. தாய்லாந்து அதைக் கட்ட வேண்டும். ஒப்பந்தம் உள்ள செஷல்ஸும் மொரீஷியஸும் கட்ட வேண்டாம். மாலத்தீவு வருமானத்தில் உயர்ந்ததால் 2014இல் அந்தச் சலுகையை இழந்தது. தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடித்த மீன், சுருக்குவலையையே அனுமதிக்காத நாடு, மீன்வளம் குன்றாமல் பிடிப்பதற்கான சர்வதேசச் சான்றிதழையும் 2012இல் வரிச்சூரைக்கு வாங்கியிருந்தது. அப்படியும் வரி வந்து விழுந்தது. இலங்கைக்கு வேறு கதை: சட்டவிரோத மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பா 2015 ஜனவரியிலிருந்து அதன் மீனுக்குத் தடை போட்டது, 2016இல் நீக்கியது. அந்த இடைவெளியில் கடலில் இருந்த மீன் மாறவில்லை, மதிப்பு மாறியது. நாடுகளுக்கிடையே விலை வித்தியாசம் என்று நீங்கள் காண்பதில் ஒரு பங்கு இப்படி மேசை மேல் எழுதப்பட்ட வித்தியாசம்.

சரி, ஜப்பானுக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் முதல் ஏலத்தில், டோக்கியோவின் புதிய டொயோசு சந்தையில், 278 கிலோ எடையுள்ள ஒரு பசிபிக் நீலத்துடுப்புச் சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. வாங்கியவர் ஒரு சூஷி உணவகத் தொடரின் உரிமையாளர் கியோஷி கிமுரா. இது உண்மைதான். ஆனால் இது மீன் விலை அல்ல. புத்தாண்டின் முதல் மீனை வாங்குவது அங்கே கௌரவம், செய்தித்தாளில் முதல் பக்கம், கடைக்கு விளம்பரம். சாதாரண நாள்களில் அதே தர மீன் இதில் நூறில் ஒரு பங்கு அளவில்தான் விற்கும். ஆய்வேட்டில் இந்த எண்ணை வைக்காதீர்கள். நீலத்துடுப்பு நம் கரையில் வரும் மீனும் அல்ல, அதையும் நம் சூரையையும் ஒரே தராசில் வைப்பதே தவறு.

நம் மீனுக்குச் சரியான ஜோடி எது என்றால், பாங்காக்கில் இறங்கும் உறைந்த வரிச்சூரை. உலக டப்பாத் தொழில் அந்த விலையைப் பார்த்துத்தான் நடக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் அது டன்னுக்குச் சுமார் 1,000 டாலரிலிருந்து 2,000 டாலரைத் தாண்டியும் ஏறி இறங்கியிருக்கிறது. டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் கிலோ 85 ரூபாய் முதல் 170 ரூபாய். நான் கடலூரில் பார்த்தவரை, நம் சூரைக்கு ஏலத்தில் கிடைக்கும் விலை பல நாள் இந்த வரம்புக்குள்தான் விழுகிறது. அதாவது பசிபிக் நடுவில் ஹெலிகாப்டரும் ரேடாரும் வைத்துப் பிடிக்கும் கப்பலுக்குக் கிடைக்கும் கிலோ விலையும், சோனங்குப்பத்திலிருந்து ஃபைபர் படகில் போய் வருபவருக்குக் கிடைக்கும் கிலோ விலையும் அவ்வளவு தூரத்தில் இல்லை. முதன்முதல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நானே நம்பாமல் திரும்பப் போட்டேன். ஆனால் அந்தக் கப்பல் ஒரே வீச்சில் டன் கணக்கில் அள்ளும், இவர் கூடைக் கணக்கில் கொண்டுவருவார். வருமானத்தில் இருக்கும் மலையளவு வித்தியாசம் விலையால் வந்ததல்ல, அளவால் வந்தது. விலையை மட்டும் ஒப்பிடும் ஆய்வில் இது கண்ணிலேயே படாது.

கேரையில்தான் நிலைமை வேறு. அங்கே நாம் உண்மையாகவே இழக்கிறோம், அந்த இழப்பின் பெரும்பகுதி கடலிலேயே நடந்துவிடுகிறது. சூரை வகைகள் மற்ற மீன்களைப் போலக் குளிர்ந்த உடம்பு கொண்டவை அல்ல. நீந்தும் தசையில் சூட்டைத் தக்கவைக்கும். தூண்டிலிலோ வலையிலோ சிக்கிப் போராடும்போது உடம்பு இன்னும் சூடேறும், தசையில் அமிலம் ஏறும். அந்தச் சூட்டோடு செத்தால் சதை வெளிறி, வெந்தது போலத் தளர்ந்துவிடும். ஜப்பானியர்கள் அதை "யாகே" என்பார்கள், எரிந்தது என்று பொருள். பச்சையாகச் சாப்பிட அது உதவாது. அதனால் பிடித்த உடனே மூளையில் குத்தி, பக்கத் துடுப்புக்குக் கீழே கீறி ரத்தத்தை வடித்து, செவுளும் குடலும் எடுத்து, ஐஸும் கடல்நீரும் கலந்த தொட்டியில் முழுக்கி வைக்க வேண்டும். நீண்ட நாள் வைப்பதென்றால் மைனஸ் 60 டிகிரி. நம் வீட்டு உறைபெட்டியின் மைனஸ் 18 டிகிரியில் அந்தச் சிவப்பு நிறம் நிற்காது, மெல்லப் பழுப்பாகும்.

நம் படகுகளில் என்ன நடக்கிறது? இரவு போட்ட செவுள் வலையில் மாட்டிய கேரை, வலை இழுக்கும்வரை வெதுவெதுப்பான தண்ணீரில் செத்துத் தொங்கும். படகில் ஏற்றியதும் பலகையில் கிடக்கும். ஐஸ் செலவைச் சுருக்கியிருந்தால் துண்டு ஐஸ் மேலே மட்டும் தூவியிருக்கும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், இப்படி வந்த முப்பது கிலோ கேரைகளை வரிசையாகக் கிடத்தி, வால் பக்கம் கீறிச் சதை நிறம் பார்ப்போம். தூண்டிலில் பிடித்துப் பேணி வந்தது வேறு நிறம், கண்ணுக்கே தெரியும். வலை மீனைப் பெரும்பாலும் வேகவைக்கும் வரிசைக்குத் தள்ளிவிடுவோம். ஒரே இனம், ஒரே கடல், ஒரே எடை, விலை மட்டும் பாதிக்குக் கீழே. அந்த மீனைக் கொண்டுவந்தவரிடம் அதைச் சொல்வது எனக்கு எப்போதும் கஷ்டமாகவே இருந்தது. அவர் உயிரைப் பணயம் வைத்துப் போய் வந்தவர், நான் கத்தியால் ஒரு கீறு கீறிவிட்டுத் தலையாட்டுகிறவன்.

அழகு பார்ப்பதோடு இது முடிவதில்லை. சூட்டில் கிடந்த சூரையில் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற நஞ்சை உண்டாக்கும். சமைத்தாலும் உறைய வைத்தாலும் டப்பாவில் அடைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தடித்து, தலைவலி வரும். ஐரோப்பா ஒன்பது மாதிரிகளின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறது. ஒரு சரக்கு அதில் தவறினால் போன கப்பல் செலவும் சேர்த்து நஷ்டம். அந்தப் பயத்தையும் வாங்குபவர் முன்கூட்டியே கரை விலையில் கழித்துவிடுகிறார். 2017இல் பாக் நீரிணை மீனவர்களுக்கு இழுவைப் படகுக்குப் பதில் 80 லட்ச ரூபாய் மதிப்பில் ஆழ்கடல் சூரைப் படகு தரும் திட்டம் வந்தபோது, நான் கேட்ட பேச்செல்லாம் படகு, எஞ்சின், மானியம் பற்றியே இருந்தது. மீனைக் கொல்லும் முறை, ஐஸ் வைக்கும் முறை பற்றியும் அதே அளவு பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆக, ஏமாற்றப்படுகிறாரா? நாடுகளுக்கிடையேயான விலை வித்தியாசத்தை மட்டும் வைத்து ஆம் என்று சொல்ல முடியாது. இனம், எடை, பேணுதல், வரி, தூரம் இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஆனால் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். முன்பணம் வாங்கிய படகு, பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட வேண்டும் என்ற கட்டு நம் கரையில் பழையது. அங்கே ஏலம் பேருக்குத்தான். வட்டி என்று ஒரு பைசா எழுதப்படாது, அது விலையில் மறைந்திருக்கும். தரகு தனி. உங்கள் ஆய்வில் நியாயம் பற்றிய பகுதி ஒன்று வருமானால் அதை டோக்கியோவோடு ஒப்பிட்டு எழுதாதீர்கள், ஒரே துறைமுகத்தில் முன்பணம் வாங்கிய படகையும் வாங்காத படகையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.

"கடலில் பிடித்தது" என்ற சொல்லையும் வரையறுத்துக்கொள்ளுங்கள். மால்டாவிலும் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனிலும் நீலத்துடுப்பைக் கடலில் பிடித்து, மிதவைக் கூண்டுகளில் விட்டு, மீன் போட்டுக் கொழுக்க வைத்து விற்கிறார்கள். பிடித்தபோது ஓர் எடை, விற்கும்போது வேறு எடை, விலையோ கொழுப்புக்குத்தான். இந்த நாடுகளைத் தனியாக வையுங்கள் அல்லது விட்டுவிடுங்கள்.

எண்களில் எதை நம்பலாம் என்றால், எடை பற்றிய எண்களை ஓரளவு நம்பலாம், அதுவும் பெரிய கப்பல் வைத்திருக்கும் நாடுகளில். சிறுபடகுகள் நிறைந்த இந்தியா, இந்தோனேசியா போன்ற நாடுகளில் எடையே மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து விரித்துப் போடுவதுதான். கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இறங்குதள விலை, சில்லறை விலை இரண்டுக்கும் மதிப்பீடு தருகிறது. இரண்டும் ஒரே முறையில் எடுக்கப்படுவதால் அவற்றின் விகிதம், தனித்தனி எண்களைவிடப் பயனுள்ளது. சுங்கத்தில் எழுதும் ஏற்றுமதி மதிப்பில் சந்தேகம் அதிகம். கப்பலும் தொழிற்சாலையும் ஒரே முதலாளியுடையதாக இருந்தால் அவர்கள் தமக்குள் எழுதிக்கொள்ளும் விலை சந்தை விலை அல்ல. ஏற்றுமதி செய்யும் நாடு சரக்குக் கட்டணம் சேர்க்காமலும், இறக்குமதி செய்யும் நாடு சேர்த்தும் எழுதும். ஆகவே ஒரே மீனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு எண் வரும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஐந்தாறு நாடு, ஏழு இனம் என்று பரப்ப மாட்டேன். கேரை ஒன்றே போதும், இந்தியப் பெருங்கடல் ஒன்றே போதும். இந்தியா, இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா என்று நான்கு நாடு. முழுமீன் எடையில், கரை விலையில், குறைந்தது மூன்று வருடச் சராசரி. அட்டவணையில் டாலரில் ஒரு பத்தி போட்டுவிட்டு, பக்கத்திலேயே ஒரு கிலோ கேரைக்கு அந்த ஊரில் எத்தனை கிலோ அரிசி, எத்தனை லிட்டர் டீசல் வாங்கலாம் என்று இன்னொரு பத்தி போடுங்கள். மேலே டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தது வங்கிக் கணக்கு. உள்ளூரில் வாங்கும் சக்தியை வைத்து உலக வங்கி போடும் கணக்கில் அது இருபது ரூபாய்ச் சொச்சம்தான். இரண்டு பத்திகளும் வேறு வேறு வரிசை காட்டினால் பயப்பட வேண்டாம், அதைத்தான் நீங்கள் விளக்க வேண்டும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அந்த விலைகளைச் சராசரியில் கலக்காதீர்கள். தடை முடிந்து இரண்டு வாரம் கழித்துக் கடலூர் துறைமுகத்துக்கு விடியற்காலை வாருங்கள். சின்னத் தராசு ஒன்று கொண்டுவாருங்கள். இங்கே பல ஏலம் கிலோவில் நடக்காது, கூறு போட்டும் கூடையாகவும் நடக்கும். ஒரு கூறு எத்தனை கிலோ என்று உத்தேசமாகவே சொல்வார்கள். ஏலம் எடுத்துத் தலைச்சுமையாகக் கிளம்பும் அக்காக்களிடம் கேட்டால், எடை போட்டுப் பார்க்க விடுவார்கள், மாலையில் எவ்வளவுக்கு விற்றது என்றும் சொல்வார்கள். வியாபார நேரத்தில் மறிக்காமல், டீ குடிக்கும்போது கேளுங்கள்.